குச்சுப் பள்ளியும் பெரிய பள்ளியும்: சிங்கப்பூர்த் தமிழ்ப் பள்ளிவாசல்களை எழுதும் முறை பற்றி ஒரு திறனாய்வு

முன்னுரை

சிங்கப்பூர்த் தெலுக் ஆயர் சாலையில் உள்ள அல்-அப்ரார் பள்ளிவாசலுக்குக் 'குச்சுப் பள்ளி' என்றொரு பழம்பெயர் உண்டு. 1827-ஆம் ஆண்டளவில் ஓலை வேய்ந்த சிறு குடிலாக அது தொடங்கியமையின் அப்பெயர் பெற்றது. குச்சு என்பது சிறு குடிலைக் குறிக்கும் தூய தமிழ்ச்சொல். கல்லும் சாந்தும் கொண்டு 1850-களில் கட்டடம் எழுந்த பின்னரும் மக்கள் வழக்கில் குச்சு என்ற அடைமொழி நீங்கவில்லை. சற்றுத் தொலைவில், சவுத் பிரிட்ஜ் சாலையில், 1826-இல் சூலியா வணிகர்கள் அன்சார் சாயபு என்பாரின் தலைமையில் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கின்றது. அதற்குப் பெயர் 'பெரிய பள்ளி'. ஒன்று குச்சு, மற்றொன்று பெரியது. இவ்விரு பெயர்களையும் சூட்டியவர்கள் கட்டடக் கலைஞர்கள் அல்லர். அவ்விடங்களில் தொழுது, உண்டு, உறங்கி, தம் இறந்தோரைக் குளிப்பாட்டி அனுப்பிய எளிய மக்களே சூட்டினர் என்பது சொல்லின் எளிமையாலேயே விளங்கும்.

இன்று இப்பள்ளிகளைப் பற்றி எழுதப்படுவன பல. ஆயினும் அவ்வெழுத்துகளில் இப்பெயர்கள் அடிக்குறிப்பு அளவிலேயே நிற்கின்றன. 'கூச்சு' என ஆங்கில எழுத்தில் நீண்டொலிக்கும் வடிவத்தைக் கண்டு அதன் பொருள் யாதென மாணவர் மயங்குவதையும் நாம் கண்டிருக்கின்றோம். பெயர் மறைவது சிறு செய்தியன்று. பள்ளிவாசல் தன் வட்டார முஸ்லிம் மக்களுக்கு ஆற்றிய பணி எது என்ற வினாவை நாம் எங்ஙனம் கேட்கின்றோம், எங்கே கேட்கத் தவறுகின்றோம் என்பதற்கு அது ஓர் அடையாளம். அவ்வினாவை முன்னிறுத்தி, இப்பள்ளிகளைப் பற்றிய எழுத்து முறைகளை இக்கட்டுரையில் நோக்க முற்படுகின்றோம். சிங்கப்பூரே மையம், பினாங்கு ஒப்பீட்டிற்காக வருகின்றது.

முகப்பை மட்டும் காணும் எழுத்து

முதலாவதாகக் கருதத்தக்கது மரபுடைமை சார்ந்த எழுத்து. ஜாமிஆ சூலியா, அல்-அப்ரார், நாகூர் தர்கா ஆகிய மூன்றும் 1974-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. டன்லப் தெருவின் அப்துல் கபூர் பள்ளிவாசல் 1979-இல் அத்தகுதி பெற்றது. இவ்வறிவிப்புகள் இல்லாதிருந்தால் நகர மறுசீரமைப்பின் வேகத்தில் இவற்றுள் எத்தனை எஞ்சியிருக்கும் என்பது ஐயமே. ஆகவே நன்றியோடுதான் இதனைத் தொடங்க வேண்டும்.

எனினும் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் வாயிலோடு நின்றுவிடுகின்றன. பெரிய பள்ளியின் முகப்பில் எழும் இரு கோபுர மினாராக்கள், அவற்றினிடையே சிற்றறைகளும் குறுஞ்சாளரங்களும் செறிந்த மாளிகை போன்ற சுவர், உள்ளே ஐரோப்பியத் தூண்கள். அப்துல் கபூர் பள்ளியின் முகப்பில் நபிமார் பெயர்கள் பொறித்த இருபத்தைந்து கதிர்களைக் கொண்ட ஞாயிற்று வடிவம். இவையே மீண்டும் மீண்டும் எழுதப்படுகின்றன. தமிழகக் கடற்கரையின் கட்டடக் கலையும் ஆங்கிலேயர் கலையும் இணைந்தன என்ற ஒரு தொடருடன் விளக்கம் முற்றுப்பெறும். பெரிய பள்ளியின் தொழுகைக்கூடம் தெருவின் போக்கிற்கு இணங்காமல் சாய்ந்து நிற்பதைக் கூட ஒரு வடிவ விந்தையாகவே குறிப்பிடுவர். அது மக்காவின் திசையை நோக்கிய சாய்வு. தெருவை வகுத்தவர் ஒருவர், திசையை வகுத்தது வேறொன்று என்னும் உண்மையே அக்கட்டடத்தில் படிக்கத்தக்க முதற்பாடம். அதனைச் சொல்லும் கையேடுகள் குறைவு.

இரண்டாவது வகை நம்முடையது. தமிழ் இலக்கிய வரலாற்றாசிரியர் எழுத்து என அதனைக் கூறலாம். இதன் குறை வேறு வகைப்பட்டது. தமிழ் முஸ்லிம்களின் பங்களிப்பை நாம் 'முதல்' என்ற சொல்லால் அளந்து பழகிவிட்டோம். 1872-இல் சிங்கப்பூரில் அச்சான முனாஜாத்துத் திரட்டு முதல் நூல் வரிசையில் வைக்கப்படுகின்றது. 1887 முதல் 1890 வரை சி. கு. மகுதூம் சாயபு நடத்திய சிங்கை நேசன் இதழும், அதில் 1888-இல் வெளிவந்த அவரது வினோத சம்பாஷணையும் முதல் புனைகதை முயற்சிகளாகப் பேசப்படுகின்றன. பட்டியல் தவறன்று. ஆயின் முனாஜாத்து என்பது இறைவனிடம் இறைஞ்சும் பாடல் வகை. அது தனியே படிப்பதற்கன்றி, கூடியிருந்து ஓதுவதற்காக இயற்றப்படுவது. ஓதும் கூட்டம் இல்லாமல் அந்நூலுக்கு அச்சும் இல்லை, வாங்குவோரும் இல்லை. அக்கூட்டம் எங்கே கூடிற்று என்ற வினாவை நம் இலக்கிய வரலாறுகள் எழுப்புவதில்லை. நூல் மட்டும் நூலகத்தில் தனித்து நிற்கின்றது. அதனை ஓதிய வாய்களும் அவை கூடிய தளமும் வரலாற்றுக்கு வெளியே விடப்படுகின்றன.

மகுதூம் சாயபுவின் அச்சகத்துக்குத் தீனோதய வேந்திரசாலை என்று பெயர். தீன் என்னும் அரபுச் சொல்லும் உதயம் என்னும் வடசொல்லும் புணர்ந்து, ஞானோதயம் போலவே ஓகாரம் பெற்றுத் தீனோதயம் ஆயிற்று. புணர்ச்சி விதி கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இதனைவிடச் சுவையான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. மார்க்கத்தின் சொல்லைத் தமிழ் இலக்கணத்தில் தயக்கமின்றிப் புணர்த்தும் துணிவு ஒரு தனிமனிதனின் விளையாட்டால் வருவதன்று. அத்தகைய தமிழை அன்றாடம் பேசியும் கேட்டும் வந்த ஒரு மக்கட்கூட்டத்திடமிருந்து வருவது.

பள்ளி என்னும் சொல்லும் அதன் பணிகளும்

பள்ளி என்ற சொல்லின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. துயிலிடம், சமண பௌத்தத் துறவியர் உறைவிடம், கல்விக்கூடம் எனப் பல பொருள் தாங்கிய அச்சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் தம் தொழுமிடத்திற்கு வைத்துக்கொண்டனர். தொழுகை, நோன்பு, பெருநாள், ஓதுதல், நல்லடக்கம் என்பனவும் இவ்வாறே. வட இந்திய முஸ்லிம்கள் பாரசீக வழிவந்த நமாஸ், ரோஜா என்னும் சொற்களை ஆள, தமிழ் முஸ்லிம்களோ தம் மொழியின் சொல்லை ஆண்டனர். மலாய் மக்களும் செம்பாயாங், புவாசா, ஹரி ராயா எனத் தம்மிடம் முன்னரே இருந்த சொற்களைக் கொண்டே மார்க்கக் கடமைகளைக் குறித்தனர். இவ்வொப்புமை விரிவான ஆய்வுக்கு உரியது. இங்கே சுட்டிச் செல்கின்றோம்.

சொல்லுக்கு ஏற்பவே பணியும் இருந்தது. சூலியா எனப்பட்டோர் நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கீழக்கரை முதலிய சோழமண்டலக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த வணிகரும் படகோட்டிகளும் நாணய மாற்றுநரும் ஆவர். பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆடவர். அவர்களுக்குப் பள்ளி தொழுமிடம் மட்டுமன்று. கப்பலிலிருந்து இறங்கியவன் முதலில் தேடிச் சென்ற முகவரி அது. ஊர்ச் செய்தி கிடைக்கும் இடமும், வேலை தருபவரைக் காணும் இடமும், நோயுற்றால் பார்த்துக்கொள்வாரைப் பெறும் இடமும் அதுவே. இறந்தால் மையத்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்குவதற்கு உறவினர் இல்லாத நிலையில் பள்ளியின் ஜமாஅத்தே உறவாக நின்றது. பள்ளி என்ற சொல்லின் பழம்பொருளாகிய துயிலிடம் என்பது இவ்வகையில் உயிரோடு இருந்தது எனலாம்.

தமிழகத்தில் மஹல்லா ஜமாஅத் என்னும் அமைப்பைக் கண்டவர்களுக்குப் பள்ளியின் பணிகள் நன்கு விளங்கும். ஒரு பள்ளியைச் சுற்றி வாழும் குடும்பங்கள் அதன் உறுப்பினர். அவர்கள் சந்தா செலுத்துவர். திருமணம் பள்ளியின் பதிவேட்டில் பதியப்படும். வழக்குகளைப் பெரியோர் கூடித் தீர்ப்பர். அடக்கத்தலம் பள்ளியின் பொறுப்பு. ஏழைவரி ஏழைகளுக்குச் செல்லும் வழியும் பெரிதும் அதுவே.

இம்முழுமை சிங்கப்பூரில் படிப்படியாகப் பிரிக்கப்பட்டது. 1880-ஆம் ஆண்டு முகம்மதியர் திருமணச் சட்டம் திருமணப் பதிவையும் காதிகளையும் அரசின் ஒழுங்கிற்குள் கொணர்ந்தது. 1905-ஆம் ஆண்டு முகம்மதிய, இந்து அறக்கொடைச் சட்டம் வக்பு சொத்துகளை வாரியத்தின் கண்காணிப்புக்கு உட்படுத்த வழி செய்தது. 1957-ஆம் ஆண்டு முஸ்லிம் சட்டத்தைத் தொடர்ந்து 1958-இல் ஷரீஆ நீதிமன்றம் ஏற்பட்டது. 1966-இல் நிறைவேறிய முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்படி 1968-இல் முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம் அமைந்து, பள்ளிவாசல்களும் ஏழைவரியும் வக்புகளும் அதன் பொறுப்பாயின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தக்க காரணம் இருந்தது. தனிமனிதர் கையில் வக்பு நிலம் கரைந்துபோன வரலாறு பினாங்கிலும் உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு. அதனைக் கண்டவர் எவரும் பழைய நிலை மீள வேண்டும் எனக் கூறமாட்டார். ஆயினும் ஒரு விளைவை நாம் காணத் தவறலாகாது. திருமணமும் வழக்கும் வரியும் அடக்கமும் பிற நிறுவனங்களுக்குச் சென்றபின், பழைய தமிழ்ப் பள்ளியிடம் தனக்கே உரியதாக எஞ்சியவை மூன்று: கூட்டுத் தொழுகை, நோன்புக் கஞ்சி, தமிழ்.

வட்டாரம் எது?

பள்ளிவாசல் தன் வட்டார மக்களுக்குப் பணியாற்றுகின்றது என்று கூறும்போது வட்டாரம் எது என்று கேட்க வேண்டியுள்ளது. பினாங்கின் கப்பித்தான் கெளிங் பள்ளிவாசலை முதலில் நோக்குவோம். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் மரைக்காயர் தலைமையில் 1801-இல் தோன்றிய அப்பள்ளிக்குப் பதினெட்டு ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. பள்ளியைச் சுற்றிக் குடியிருப்பும் கடைகளும் அடக்கத்தலமும் ஒரே அறக்கொடை நிலத்தில் இருந்தன. அங்கே வட்டாரம் என்பது கண்ணால் காணத்தக்க நிலப்பரப்பு. இந்நிலத்தின் கதையைக் கூ சல்மா நசுத்தியோன் 2014-இல் வெளியான தம் பினாங்குச் சூலியர் பற்றிய ஆங்கில நூலில் 1786 முதல் 1957 வரை விரித்துரைக்கின்றார். பள்ளியைக் கட்டடமாகக் காணாமல் நிலமாகவும் உரிமையாகவும் வாடகையாகவும் கண்டது அந்நூலின் தனிச்சிறப்பு. வக்பு நிலத்தில் குடியேற்ற அரசின் கை எப்படிப் படிந்தது என்பதை அறிய விரும்பும் நம் மாணவர்க்கு அதனைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. நமக்குள்ள மனக்குறை ஒன்றே: நிலத்தின் ஆவணங்கள் பேசும் அளவிற்கு அந்நிலத்தில் வாழ்ந்தோரின் தமிழ் அதில் பேசவில்லை. ஆயின் அக்குறை ஆசிரியருடையது என்பதைவிட, அத்தமிழ் ஆவணங்களைத் தேடித் தராத நம் துறைகளுடையது என்பதே பொருந்தும்.

சிங்கப்பூரின் நிலை வேறு. ஆற்றங்கரையில் சூலியர்க்கென வகுக்கப்பட்ட கம்போங் நகர வரைபடத்தில் இடம்பெற்றிருந்தது. பிற்காலத்தில் கடையநல்லூர், தென்காசி ஆகிய ஊர்களினின்று வந்தோர் துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகாரில் குடும்பங்களோடு வாழ்ந்தனர். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி இம்மக்களிடையேதான் தோன்றிற்று. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரால், முஸ்லிம்கள் நடத்திய, ஏனைய தமிழ்ப் பிள்ளைகளும் பயின்ற அப்பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982-இல் மூடப்பட்டது. அப்பெயர் இன்று உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கின்றது. தொழும் பள்ளிக்கும் படிக்கும் பள்ளிக்கும் இடையே இருந்த தொலைவு அக்காலத்தில் சில தெருக்களே.

வீடமைப்புத் திட்டங்கள் மக்களைப் புதுநகரங்களுக்குக் கொண்டு சென்றபோது பழம்பள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றின் மக்கள் தீவெங்கும் பரவினர். புதுநகர்களுக்கு 1975-இல் ஏற்பட்ட பள்ளிவாசல் கட்டட நிதியிலிருந்து புதிய பள்ளிகள் எழுந்தன. 1977-இல் தோ பாயோவில் திறக்கப்பட்ட முஹாஜிரீன் பள்ளிவாசல் அவற்றுள் முதலாவது. ஊதியத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி மக்கள் தாமே எழுப்பிய பள்ளிகள் இவை. இவற்றின் ஜமாஅத் வசிப்பிடத்தால் அமைவது. மொழி இயல்பாகவே மலாய். பழைய தமிழ்ப் பள்ளிகளின் ஜமாஅத்தோ வசிப்பிடத்தால் அமைவதன்று. வேலை நாளில் அருகிலுள்ள அலுவலகங்களிலிருந்து வருவோர், வார இறுதியில் மொழிக்காகவும் பழைய உறவுக்காகவும் பயணம் செய்து வருவோர், தமிழகத்திலிருந்து ஒப்பந்த அடிப்படையில் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் தொழிலாளர் ஆகியோரே அங்குக் கூடுகின்றனர். ஆக, இப்பள்ளிகளின் வட்டாரம் இன்று ஒரு நிலப்பரப்பன்று. அது ஒரு மொழி.

இவ்வாறு கூறுவது நமக்கு மகிழ்ச்சி தரும் முடிவாகத் தோன்றலாம். இங்குதான் தமிழ்த்துறையினர் பலரும் பிழை செய்கின்றனர் என்பது நம் கருத்து. பள்ளிவாசல்கள் தமிழைக் காக்கின்றன என்று மேடைதோறும் பாராட்டுகின்றோம். பள்ளிவாசல் தமிழைக் காப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. அதன் மக்கள் தமிழ் பேசினர். ஆகவே அது தமிழில் பேசியது. அம்மக்களின் பிள்ளைகள் ஆங்கிலமோ மலாயோ பேசுவாராயின், பள்ளி அம்மொழியில் பேசுவதே அதன் பணிக்கு நேர்மை. பள்ளிக்கூடத்தில் தாய்மொழிப் பாடமாக மலாயைத் தேர்ந்த தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் உளர் என்பதை இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர்கள் நன்கறிவர். அவர்களுக்கு மார்க்கம் புரிய வேண்டும் என்பது பெற்றோரின் முதற்கவலை. அக்கவலையைத் தமிழுக்குச் செய்த துரோகமாகக் கருதுவார் கருத்து நமக்கு உடன்பாடன்று.

குத்பாவின் தமிழ்

ஷாபிஈ சட்டமுறைப்படி வெள்ளிக்கிழமைக் குத்பாவில் இறைபுகழ், நபி மீது வாழ்த்து, இறையச்சத்திற்கான அறிவுரை, குர்ஆன் வசனம், நம்பிக்கையாளர்க்கான இறைஞ்சல் என ஐந்து கூறுகள் அரபியில் அமைய வேண்டும். தமிழகத்தின் பழைய வழக்கில் குத்பா முழுமையும் அரபியிலேயே ஓதப்பட, அதற்கு முன்னர் தமிழில் பயான் நிகழும். பயான் எழுதிப் படிக்கும் உரையன்று. ஆலிம் தம் முன் இருப்போரின் முகம் பார்த்துப் பேசுவது. ஒரு கதையை நீட்டுவதும், கடைத்தெருச் செய்தி ஒன்றை இடையே வைப்பதும், கூட்டம் களைத்தால் பேச்சை முடிப்பதும் அதன் இயல்பு. அதில் அரபுச் சொல் வரும், உடனே அதன் தமிழ்ப் பொருள் வரும், பின்னர் அதையே ஊர்ப் பேச்சில் ஒருமுறை சொல்வார். ஒரே கருத்து மூன்று படிகளில் இறங்கி வருவதைக் கேட்டுப் பழகியவர், கல்வி மிகுதியாகப் பெறாதவராயினும், மூன்று வகைத் தமிழையும் பொருளுணர்வார்.

சிங்கப்பூரில் இன்று வாராந்தரக் குத்பா முயிஸ் மன்றத்தால் மையமாக ஆயத்தம் செய்யப்பட்டு மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மொழிகளில் வெளியிடப்படுகின்றது. பெரிய பள்ளி, அப்துல் கபூர் பள்ளி போன்றவற்றில் அது தமிழில் ஒலிக்கின்றது. நாடு முழுதும் ஒரே பொருளில் அறிவுரை கிடைப்பதும், தகாத பேச்சுக்கு இடமில்லாமற் போவதும் இதன் நன்மைகள். தமிழுக்கு மன்றத்தின் வெளியீட்டில் நிலையான இடம் கிடைத்திருப்பதும் சிறிதன்று. ஆனால் திறனாய்வாளன் நோக்கில், இது வேறு தமிழ். மையத்தில் எழுதப்பெற்றுத் தமிழுக்கு வரும் உரை எல்லாப் பள்ளிக்கும் பொதுவான கேட்போனை நோக்கியது. கடையநல்லூர்க்காரனையும் கீழக்கரைக்காரனையும் விடுதியிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளியையும் பிரித்தறிந்து அதனால் பேச இயலாது. மூன்று படியில் இறங்கிய பேச்சு ஒரே படியில் நின்றுவிடுகின்றது. அப்படியும் மொழிபெயர்ப்போரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. சமூகக் கொள்கை, குடும்ப நலம், இணையப் பயன்பாடு என முன்னர்ப் பயானில் இடம்பெறாத பொருள்களுக்கெல்லாம் வாரந்தோறும் தமிழ்ச் சொல் தேடும் பணி அது. சிங்கப்பூரில் இன்று உருவாகும் தமிழ்க் கலைச்சொற்களின் ஒரு பகுதி அங்கே உருவாகின்றது. நாமோ அதனைத் தொகுக்கவில்லை.

இவ்விடத்தில் டோர்ஸ்டன் சாக்கர் எழுத்துகளைக் குறிப்பிடுதல் வேண்டும். தமிழறிந்த செர்மானிய ஆய்வாளரான அவர், தர்காக்களும் சூபிகளும் பற்றி 2006-இல் எழுதிய கட்டுரையிலும், சிங்கப்பூரின் 'இந்திய முஸ்லிம்' இக்கட்டைப் பற்றிய பின்னைய நூலிலும், நம்மிற் பலர் ஏற்றுக்கொண்டுவிட்ட ஓர் எண்ணத்தை ஐயத்துக்கு உட்படுத்துகின்றார். இனத்தால் இந்தியர், மார்க்கத்தால் மலாயரோடு ஒன்றியவர், ஆகவே இரண்டுக்கும் நடுவே தவிப்பவர் என்பதே அவ்வெண்ணம். தவிப்பு மக்களின் வாழ்க்கையில் தானாக விளைந்ததன்று, வகைப்படுத்தும் முறையால் விளைந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். மாத ஊதியத்தில் முஸ்லிம் என்ற வகையில் பள்ளிவாசல் கட்டட, மெண்டாக்கி நிதிக்கும், இந்தியர் என்ற வகையில் சிண்டா நிதிக்கும் பிடித்தம் செய்யப்படும் ஒருவருக்கு இவ்வாதத்தை விளக்கத் தேவையில்லை. சாக்கரின் இம்முடிவு நமக்கு உடன்பாடே. ஆயினும் வகைப்பாட்டை முதன்மையாகக் கொண்டு நோக்கும்போது பள்ளியின் தளத்தில் நிகழ்வது சற்று மங்கிவிடுகின்றது. வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுபவர் அந்நேரத்தில் எவ்வகையினரும் அல்லர். தொழுகை முடிந்து, காலணியைத் தேடும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் எம்மொழியில் பேசுகின்றார் என்பதில்தான் வகை மீண்டும் தொடங்குகின்றது. அந்த வாயிற்படியை ஆய்வு செய்ய மொழியியலும் வேண்டும். அது நம் பொறுப்பில் உள்ள துறை.

கஞ்சி

நோன்புக் கஞ்சியைப் பற்றிச் சிறிது கூறாமல் இப்பொருளை விட்டுச் செல்ல இயலாது. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், சிறிது கொத்திய இறைச்சி. இவற்றைப் பெரிய அண்டாவில் இட்டுப் பிற்பகல் முழுதும் கிண்டி, மாலையில் வந்தோர்க்கெல்லாம் வழங்குவர். கஞ்சி என்னும் சொல்லே மலாயில் கஞ்சியாக வழங்குவதும் நினைக்கத்தக்கது. பாத்திரம் கொண்டு வந்து வாங்கிச் செல்வோருள் முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாரும் உண்டு. மார்க்கக் கடமைகளின் பட்டியலில் கஞ்சிக்கு இடமில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் பொருளடக்கத்திலும் இல்லை. ஆனால் விடுதியில் வாழும் தொழிலாளி ஒருவனுக்கு நோன்பு திறக்கும் நேரத்தில் தன் ஊரின் மணத்தைத் தருவது அதுதான். அவனைப் பொறுத்தவரை பள்ளிவாசலின் சமூகப் பணி என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

2020-ஆம் ஆண்டு இதனைத் துலக்கமாகக் காட்டிற்று. பெருந்தொற்றுக் காரணமாக அவ்வாண்டு மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஏப்ரல் இறுதியில் தொடங்கிய ரமலான் முழுவதும் கூட்டுத் தொழுகையின்றிக் கழிந்தது. மார்க்க உரைகள் இணையத்தின் வழி வீட்டிற்கே வந்தன. தொழுகையை வீட்டில் தொழ முடிந்தது. உரையைத் திரையில் கேட்க முடிந்தது. பள்ளியின் தளத்தில் அமர்ந்து பகிர்ந்துண்ணும் கஞ்சிக்கு மட்டும் மாற்று இல்லாமற் போயிற்று. நூல்கள் கூறாத ஒன்றை அம்மாதம் கூறிற்று எனலாம்.

எஞ்சியுள்ள பணி

நாகூர் தர்கா 1828 முதல் 1830 வரை ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கட்டப்பட்டது. அது பழுதுபார்க்கப்பெற்று 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. நேர்த்திக்கடனோடு வந்த இடத்திற்கு இன்று காட்சிப்பலகைகளைப் படிக்க வருகின்றோம். கட்டடம் பிழைத்தது, சமூகத்தின் வரலாறு பலர் காணும்படி வைக்கப்பட்டது, இரண்டும் நன்றே. ஆயினும் காட்சிப்பலகை, வாழ்ந்து முடிந்ததைச் சொல்லும் எழுத்து. பக்கத்திலேயே, அதே தெருவில், குச்சுப் பள்ளியில் இன்னும் மக்கள் தொழுகின்றனர். ஒரே தெருவின் இவ்விரு கட்டடங்களையும் மாணவர்க்கு ஒரே நாளில் காட்டும் ஆசிரியர், எத்தனை விரிவுரைகளாலும் விளக்கவியலாத வேறுபாட்டை விளக்கிவிடலாம்.

நம் வகுப்பறைகளில் இஸ்லாமியத் தமிழ் என்றவுடன் சீறாப்புராணம் ஒன்றே நினைவுக்கு வருகின்றது. காப்பியத்தைக் குறைக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து நேரே தேர்வுத் தாளுக்குத் தாவுகின்றோம் என்பதே நம் முறையீடு. இடையிலுள்ள தமிழ் பள்ளிகளின் அறிவிப்புப் பலகைகளிலும், கணக்கேடுகளிலும், மீலாது விழாத் துண்டறிக்கைகளிலும், கந்தூரி அழைப்புகளிலும், முதியோர் நினைவிலும் இருக்கின்றது. துண்டறிக்கையை எவரும் நூலகத்தில் சேர்ப்பதில்லை. விழா முடிந்ததும் அது குப்பைக்குச் செல்கின்றது. பழைய முறையில் பயான் செய்யக் கற்ற ஆலிம்கள் முதுமை எய்திவிட்டனர். அவர்களுடைய பேச்சை ஒலிப்பதிவு செய்யக் கருவி வேண்டுமெனக் காரணம் கூறவும் இன்று இயலாது. மாணவர் ஒவ்வொருவர் கையிலும் அது உள்ளது.

இதற்குப் பள்ளிகளின் இசைவைப் பெறுதல் முதற்கடன். பாராட்டுரைக்காகவும் ஒளிப்படத்துக்காகவும் சென்ற துறையினர், பதிவேட்டைப் பார்க்கவும் முதியோரோடு அமரவும் செல்வார்களாயின் எத்தகைய வரவேற்பு கிடைக்கும் என்பது முத்தவல்லிகளையும் நிர்வாகக் குழுவினரையும் பொறுத்தது. நாம் சென்ற சில இடங்களில் தேநீர் முதலில் வந்தது. ஏட்டைப் பற்றிய பேச்சு மூன்றாம் முறை சென்றபோதுதான் தொடங்கிற்று.